பழைய நீராவி எஞ்சினுக்கு மறுபடி மூச்சு கொடுப்பது எப்படி?

திருவிழாக் கடையில் விற்கிற தகரப் படகு ஞாபகம் இருக்கா? உள்ளே சின்ன விளக்கை ஏத்தி தண்ணித் தொட்டியில் விட்டா "பட பட"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே சுத்துமே, அதுதான்! நம்மில் பலர் கையால் தொட்ட முதல் நீராவி எஞ்சின் அது. அதுக்குப் பெரிய அண்ணன் ரயில் எஞ்சின். ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு தம்பி உண்டு. உண்மையாகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிஸ்டனைத் தள்ளி, குட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற மாடல் எஞ்சின். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1937-ல் ஆரம்பித்த மாமோட் கம்பெனி நீராவி பொம்மைகளுக்குப் பேர் போனது. இப்படி ஒரு பழைய எஞ்சின் செகண்ட் ஹேண்டில் நம் கைக்கு வந்தால் என்ன செய்யணும்? பெரிய அண்ணனை எப்படிச் சரி செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம். அது நம்ம தமிழ்நாட்டில்தான் நடந்தது.

இ.ஐ.ஆர். 21 என்பது 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட எஞ்சின். வங்காளப் பக்கம் ஓடிவிட்டு 1909-ல் ஓய்வு பெற்றது. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேலே காட்சிப் பொருளாக நின்றது. துரு பிடித்தது, பல பாகங்கள் காணாமல் போயின. அதைச் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைக்குக் கொண்டு வந்து, கழற்றி, இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து பூட்டினார்கள். 2010-ல் அது மறுபடி தன் சொந்த நீராவியில் ஓடியது! இதன் இரட்டைப் பிறவி 'ஃபேரி குயின்' எஞ்சினையும் அதே பணிமனைதான் ஏற்கனவே தயார் செய்திருந்தது. அது 1997-ல் டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.

நிற்க. பளபளன்னு பெயிண்ட் அடிச்சு நிக்க வைக்கிறது வேற, ஓட வைக்கிறது வேற. நிற்க வைக்க பிரஷும் பெயிண்டும் போதும். ஓட வைக்கணும்னா முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: பாய்லர் தாங்குமா?

ஏன் பாய்லர்? நம்ம இயற்பியல் பாடத்தை நினைச்சுப் பாருங்க. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் சுமார் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். மூடிய பாத்திரத்தில் அந்த இடம் கிடைக்காது. அதனால் அழுத்தம் ஏறுகிறது, அதுவே பிஸ்டனைத் தள்ளுகிறது. தகடு எங்காவது மெலிந்திருந்தால் அங்கேதான் வெடிக்கும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கிறார்களே, அந்த மாதிரி பாய்லர்களுக்குச் சட்டம் உண்டு, சோதனை உண்டு, சான்றிதழ் உண்டு. 1923-ல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளவை அதில் வராது. அதாவது நம்ம மாடல் எஞ்சினைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். இன்ஸ்பெக்டர் நாமேதான்!

சோதனை செய்யும் முறை கேட்க வேடிக்கையாக இருக்கும். நெருப்பே கிடையாது, பச்சைத் தண்ணீர் மட்டும்தான். பாய்லரில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பணும். சேஃப்டி வால்வைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அடைக்கணும். கைப்பம்பும் பிரஷர் கேஜும் மாட்டி, அது வழக்கமாக வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை மெதுவாக ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விடணும். முள் இறங்குதா? எங்காவது துளி கசியுதா? தகடு உப்புதா? மூணும் இல்லைன்னா பாஸ்.

காற்று அடைச்சு சோதிச்சா என்னன்னு சிலர் கேட்கலாம். கூடவே கூடாது! காற்று சுருங்கும், சுருங்கிய காற்று அழுத்தி வைத்த ஸ்பிரிங் மாதிரி. பாய்லர் பிளந்தால் துண்டுகளைத் தூக்கி வீசிவிடும். தண்ணீரோ அழுத்தினால் பெரிதாகச் சுருங்காது. விரிசல் விட்டதும் நாலு சொட்டு வெளியே வரும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். குமிழி இருக்கக்கூடாதுன்னு சொன்னதும் இதுக்குத்தான். பம்பும் கேஜும் நம்மகிட்ட இருக்காது என்பதால் இந்த வேலையை நல்ல லேத் பட்டறையில், பெரியவர்கள் செய்வதுதான் சரி.

சோதனைக்கு முன்னாலேயே கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பித்தளையில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் உஷார். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது (வேதியியல் பாடம்!). துத்தநாகம் மட்டும் கரைந்து போனால் தாமிர நிறம் தெரியும், அந்த இடம் பலம் இழந்திருக்கும். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியை அப்பி மணிக்கணக்கில் ஊற வைக்காதீர்கள், அமிலம் இதே வேலையைத்தான் செய்யும். அடுத்து, பழைய சொந்தக்காரர் ஒட்டுப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ரேடியோ ரிப்பேர் கடையில் வைக்கிற ஈயப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை தகடு அவ்வளவு சூடாகாது. தண்ணீர் வற்றினால் பற்று கழன்றுவிடும். வெள்ளி கலந்த பற்று 600 டிகிரி வரைகூடத் தாங்கும் என்பதால் நல்ல பாய்லரில் அதையே வைக்கிறார்கள்.

பாய்லர் பாஸ் ஆனால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மற்றதெல்லாம் பொறுமை வேலை. பிஸ்டன் இறுகியிருந்தால் சுத்தியல் எடுக்காமல் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்கணும். காய்ந்து போன வாஷர்களை மாற்றணும். சேஃப்டி வால்வு பழசாக இருந்தால் புதுசு போடுவதே மேல், அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தண்ணீர் விஷயத்தில் வெள்ளிமலை நண்பர்கள் அதிர்ஷ்டசாலிகள்! கல்வராயன் மலையில் பெய்கிற மழையைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் உப்பில்லாத தண்ணீர் கிடைக்கும். உப்புக் கலந்த போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே வெள்ளையாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டையே தாக்கும்.

இத்தனையும் மாத்தினா அது பழைய எஞ்சின்தானா என்று எங்கள் வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. என் கட்சி இது: ஓடணும்னா பாதுகாப்புக்கு வேண்டியதை மாற்றியே ஆகணும். ஆனால் கழற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் போடாமல், சீட்டு ஒட்டிப் பத்திரமாக வைக்கணும். பெயர்ப் பலகையையும் பழைய பெயிண்டையும் முடிந்தவரை தொடக்கூடாது. திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறது. புதுசு செய்ய இன்றும் ஆள் இருக்கிறார்கள், 1855-ஐத் திரும்பச் செய்ய யாராலும் முடியாது.

கடைசியாக முதல் ஓட்டம். ஆசிரியர் பக்கத்தில் இருக்கணும், முகத்தை எஞ்சினுக்கு மேலே கொண்டு போகக்கூடாது. பாய்லரில் முக்கால் பங்கு தண்ணீர், விளக்கில் அளந்து ஊற்றிய ஸ்பிரிட். தண்ணீர் தீர்வதற்கு முன்னாலேயே தீ அணைந்துவிடணும், அளவு அப்படித்தான் இருக்கணும். எஞ்சின் நின்றதும் மூடியைத் திறக்க அவசரப்படாதீங்க. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்கணும்.