ஏது எங்கே? மேடை வாதத்துக்கு ஒரு வழிகாட்டி

தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைப் பார்த்து வாதம் செய்யக் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே பதில் இல்லாதவரை விளம்பர இடைவேளை காப்பாற்றிவிடும். கிராம சபையிலோ கல்லூரி மேடையிலோ குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலோ எழுந்து நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. கிடைக்கிற சில நிமிடங்களில் கருத்தைச் சொல்லி, காரணம் காட்டி, எதிர்க்கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அதற்கான வழியை ஒரே தலைப்பை வைத்துப் பார்ப்போம்: நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம். டீக்கடையில் நிற்கிற எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து உண்டு என்பதால் பயிற்சிக்கு ஏற்றது. எந்தப் பக்கம் சரி என்ற தீர்ப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் தலைப்பை உடையுங்கள்

“இலவச பஸ் தேவையா?” என்று கேட்டால் ஒரு கேள்வி போலத்தான் இருக்கிறது. உள்ளே மூன்று இருக்கின்றன. திட்டத்தால் பெண்களின் பயணம் கூடியதா? இது கணக்கைப் பார்த்துத் தீர்க்க வேண்டியது. வரிப்பணத்தை இதற்குச் செலவிடுவது நியாயமா? இது எதை முக்கியம் என்று நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வருமான வரம்பு வைக்கலாமா, ஏழை ஆண்களுக்கும் தரலாமா? இது நடைமுறை. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, இன்னொருவர் இரண்டாவதில் நின்றுகொண்டு மறுப்பார். இருவரும் கடைசிவரை சந்திக்கவே மாட்டார்கள். நீங்கள் எந்தக் கேள்விக்குப் பேசப்போகிறீர்கள் என்பதைத் தாளில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். “பெண்கள் முன்னேற வேண்டும்” என்று எழுதியிருந்தால் கிழித்துப் போடுங்கள். யாரும் மறுக்காத வாக்கியத்துக்கு மேடை எதற்கு?

ஏதுவை எழுதுங்கள்

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கப் பாடமே நடத்துகிறார். பலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். வாதம் பழகுகிறவர் தாண்டக் கூடாது. அதில் வாதத்தின் முக்கிய உறுப்புகள் மூன்று: பக்கம், ஏது, திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைக் காட்டுவது திட்டாந்தம். நெருப்பே இல்லாத இடத்தில் புகை இல்லை என்ற மறுதலையும் பொருந்தினால்தான் வாதம் நிற்கும்.

நம் தலைப்புக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பக்கம்: இத்திட்டம் ஏழைப் பெண்களைத் தொலைவிலுள்ள வேலைகளுக்குப் போகவைக்கிறது. ஏது: அவர்களைத் தடுத்தது பேருந்துச் செலவுதான். திட்டாந்தம்: புறநகரிலிருந்து நகரத்துக்கு வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள். இப்படி எழுதியதும் உங்கள் வாதத்தின் ஓட்டை உங்களுக்கே தெரியும். தடுத்தது செலவுதானா? பேருந்தே வராத ஊரில் கட்டணம் இல்லாமல் போய் என்ன பயன்? எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

அடிகள் ஏதுவில் வரும் போலிகளையும் பிரித்துச் சொல்கிறார். உட்பிரிவுகள் நிறைய, பெரிய வகை மூன்று போதும்.

அசித்தம் என்றால் காரணமே நிலைநாட்டப்படாதது. “பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் வசதியானவர்கள், அதனால் பணம் வீண்” என்கிறார் ஒருவர். வீணா இல்லையா என்று மோதாதீர்கள். வசதியானவர்கள் என்பது எப்படித் தெரியும் என்று மட்டும் கேளுங்கள்.

அனைகாந்திகம் இருபக்கமும் போகக்கூடிய காரணம். “கூட்டம் தாங்கவில்லை, எனவே திட்டம் தோல்வி.” திட்டம் வெற்றி பெற்றிருந்தாலும் கூட்டம் கூடியிருக்குமே! மேடைகளில் நான் அதிகம் கேட்பது இந்த வகைதான். சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அதே காரணத்தை எடுத்து எதிர் முடிவோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் போலி.

விருத்தம், சொன்ன முடிவுக்கே எதிரானதை நிறுவும் காரணம். “டிக்கெட் எடுக்க வழியில்லாதவர்கள்கூட இப்போது ஏறுகிறார்கள், யாருக்கும் தேவைப்படாத திட்டம் இது” என்பது மாதிரி. உணர்ச்சி வேகத்தில் பேசும்போது இது நிறைய வரும். அமைதியாக அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னால் போதும்.

எதிர்த்தரப்பை அவரைவிட நன்றாகச் சொல்லுங்கள்

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரண்டு பகுதி கொண்டது. பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுத்த பிறகுதான் தன் கொள்கைக்கு வருகிறது. நீங்களும் அப்படியே தயாராகுங்கள். திட்டத்தை ஆதரிக்கப் போகிறீர்களா? போக்குவரத்துக் கழகத்துக்கு வராத கட்டணத்தை அரசு ஈடுகட்ட வேண்டும், அந்தப் பணத்தில் புதிய பேருந்துகள் வாங்கியிருந்தால் ஆண் பெண் எல்லோருக்கும் பயன் என்ற வாதத்தை முழு பலத்தோடு எழுதுங்கள். எதிர்த்தரப்பு நண்பர் அதைப் படித்து, “ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்” என்றால் வேலை முடிந்தது. “பெண்கள் வெளியே வருவதே இவர்களுக்குப் பிடிக்கவில்லை” என்று அவர் சொல்லாததைச் சொன்னதாக்கி அடித்தால் கைதட்டல் வரும், அவர் கேட்ட பண விஷயம் அப்படியே கிடக்கும்.

வழக்கமான திசைதிருப்பல்கள்

“உங்கள் ஆட்சியில் என்ன கிழித்தீர்கள்?” இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தலைப்பு போய்விடும். “அதுவும் தப்பாகவே இருக்கட்டும், இது சரியா?” என்று இழுத்து வாருங்கள்.

“திட்டம் வந்தது, கழகம் நஷ்டத்தில் விழுந்தது.” காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கழகங்களின் நஷ்டம் 2021க்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியது. திட்டத்தால் கூடியது எவ்வளவு என்று கேட்பதுதான் நேர்மையான கேள்வி.

“இன்று பஸ், நாளை விமானமும் இலவசம் கேட்பார்கள்.” இந்தச் சரிவு வாதத்தைப் போலி என்று உடனே தள்ளிவிடாதீர்கள். இடையில் உள்ள படிகளைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். விமானத்துக்குப் படி கிடையாது. ஆனால் “ஒரு மாநிலம் தந்தால் அடுத்த மாநிலமும் தரவேண்டி வரும்” என்று ஒருவர் சொன்னால்? டெல்லியில் 2019, இங்கே 2021, கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் 2023. படிகள் கண்முன்னே இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது வந்தது என்பதை மட்டும் அவர் காட்ட வேண்டும்.

ஆளைத் தாக்குவதும் எப்போதும் போலி அல்ல. தனியார் பேருந்து நடத்துபவர் இத்திட்டத்துக்கு எதிராகப் பேசினால் அவருடைய தொழிலைச் சுட்டிக்காட்டலாம். அவர் காட்டும் கணக்கை அதனாலேயே பொய் என்று சொல்லக் கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டியது ஒப்புமை. “1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோதும் பணம் வீண் என்றார்கள்” என்று ஆதரவாளர் சொல்வார். அரங்கம் அதிரும். ஆனால் அன்று குறைசொன்னவர்கள் தவறு என்பதால் இன்று குறைசொல்பவர்களும் தவறாகிவிட மாட்டார்கள். சத்துணவையும் இதையும் எது இணைக்கிறது? பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் தடுத்த பசியைச் சோறு நீக்கியது, வேலைக்குப் போகாமல் தடுத்த செலவை இது நீக்குகிறது என்று பொதுத்தன்மையைச் சொன்னால் அது வாதம். எம்.ஜி.ஆர். பெயரை மட்டும் சொன்னால் அது கைதட்டலுக்கு.

பேசும் முறை

கேட்பவரை இணங்கவைக்க மூன்று வழிகள் என்றார் அரிஸ்டாட்டில்: பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, காரணம். உணர்ச்சியை விலக்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த மூச்சில், அவரைப் போல் எத்தனை பேர் என்பதற்கான தரவைச் சொல்லுங்கள். தரவு இல்லாவிட்டால் “இது ஒருவருடைய அனுபவம்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. திருக்குறளில் அவையறிதல் முன்னாலும் அவையஞ்சாமை அடுத்தும் வருகின்றன. மேடைப் பயிற்சி தருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறார்கள். அச்சத்தைப் போக்கும் முன் அவையை அறியுங்கள்: நீங்கள் பேசுவது எதிராளியிடம் அல்ல, இன்னும் முடிவெடுக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம்.

வாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறதென்றால், “எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். அதே கேள்வி உங்களிடம் திரும்பி வரும், பதிலை முன்பே எழுதி வைத்திருங்கள். “எதைக் காட்டினாலும் மாற மாட்டேன்” என்று அவர் சொன்னால் அவரை விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் சபையைப் பார்த்துப் பேசுங்கள்.