கண்முன் விரியும் மூலக்கூறு

புரதத்தின் வடிவத்தைக் கணினியில் ஆராய்வோர்க்கு ஒரு தடை உண்டு. திரை தட்டையானது, மூலக்கூறோ நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் உடையது. மருந்து சென்று பொருந்தும் குழிவின் ஆழத்தை அறிய, உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மெய்நிகர் ஹெட்செட்டை அணிந்தாலோ, மூலக்கூறு அறையளவு விரிந்து நிற்கும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உருவான கைமிராஎக்ஸ் என்னும் மென்பொருள் இவ்வசதியைத் தருகிறது. இதற்கேற்ற ஹெட்செட் எது? விலையும் விளம்பரமும் இதற்கு விடை தாரா. ஸ்டீம்விஆர் என்னும் இடைமென்பொருளின் துணையுடன் கைமிராஎக்ஸ் ஹெட்செட்டோடு இணைகிறது. ஆதலால், அவ்விடைமென்பொருளை ஏற்கும் கருவியா என்பதே முதற்கேள்வி. வால்வ் இன்டெக்ஸ் கம்பிவடத்தால் கணினியோடு இணைவது. மெட்டா குவெஸ்ட் தன்னுள்ளேயே செயலி உடையது. எனினும், மேசைக்கணினி மென்பொருளை இயக்க அதனையும் கணினியோடு இணைத்தல் வேண்டும்.

இரண்டாம் கேள்வி, கணினியின் ஆற்றல் பற்றியது. நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும் ஹெட்செட்டில், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 11 மில்லிநொடிக்குள் இரு கண்களுக்கும் தனித்தனியே படம் வரையப்பட வேண்டும். அணுக்கள் மிகுந்த மூலக்கூற்றை வரைகையில் வரைகலை அட்டை பின்தங்கினால், தலை திரும்பியும் காட்சி உடன் திரும்பாது. தலைசுற்றலும் குமட்டலும் தோன்றும். திரையின் கூர்மை மிகுந்தால் சிறு எழுத்தும் தெளிவாகும். அட்டையின் சுமையும் மிகும்.

எனவே மென்பொருள், கணினி, ஹெட்செட் என்பதே தேர்வின் முறை. தாம் ஆராயும் மூலக்கூற்றையே ஏற்றி, அணிந்து பார்த்து வாங்குவது அறிவுடைமை.