ஒரு டீசல் எஞ்சினின் ஜாதகம்

எஞ்சின்களின் விவரக் குறிப்புத் தாளை நீங்கள் பார்த்திருக்கலாம். சிலிண்டர்கள் எத்தனை, விட்டம் எவ்வளவு, குதிரைத்திறன் எவ்வளவு என்று வரிசையாக எண்கள் இருக்கும். பலர் குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் அந்த எஞ்சின் எப்படி உழைக்கும், எந்த இடத்தில் பழுதாகும் என்பதையும் அதே எண்களிலிருந்து ஓரளவு சொல்லிவிடலாம். ஜாதகம் பார்ப்பதைப் போலத்தான். ஒரே வேறுபாடு, இங்கே சொல்வதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்!

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1976-ல் தன் கோல்ஃப் காரில் பொருத்திய சிறிய டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டீசல் கார் அதற்கு முன்பும் உண்டு. 1936-ல் வெளிவந்த மெர்சிடிஸ் 260 டி காரின் எஞ்சின் இரண்டரை லிட்டருக்குச் சற்று அதிகமான கொள்ளளவு உடையது. அது தந்த திறன் 45 குதிரைத்திறன். கனமான, நிதானமான வண்டிக்கே டீசல் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சிறு கார்களிலும் சிக்கனம் தேவைப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்கள் தங்களிடம் இருந்த பெட்ரோல் எஞ்சினின் அமைப்பையே டீசலுக்கு மாற்றியமைத்தார்கள்.

அதன் ஜாதகம் இது: நான்கு சிலிண்டர்கள், விட்டம் 76.5 மி.மீ.; பிஸ்டன் வீச்சு 80 மி.மீ.; அமுக்க விகிதம் 23.5; நிமிடத்திற்கு 5000 சுற்றில் 50 குதிரைத்திறன். உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெருக்கினால் 1471 கன செ.மீ. கிடைக்கும்.

இவற்றுள் நான் முதலில் பார்ப்பது 23.5 என்ற எண்ணை. ஒரு சிலிண்டரின் பங்கு ஏறத்தாழ 368 கன செ.மீ. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது உள்ளே புகுந்த காற்று முழுவதும் 16 கன செ.மீ. இடத்தில் அடைபட வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். மூன்று தேக்கரண்டி அளவு இடம்தான்! வெப்பம் வெளியேறாமல் காற்றை இப்படி அமுக்கினால் அதன் வெப்பநிலை என்ன ஆகும்? 23.5-ஐ 0.4 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 3.5 வரும். காற்று 300 கெல்வினில் புறப்பட்டால் 1050 கெல்வினைத் தாண்டும். அதாவது 780 டிகிரி செல்சியஸ் அளவு. சிலிண்டர் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதால் உண்மையில் இது நன்றாகவே குறையும். அப்படிக் குறைந்தாலும் டீசல் தானே தீப்பற்றப் போதும். சாதாரண அழுத்தத்தில் டீசல் 250 டிகிரிக்குள்ளாகவே பற்றிக்கொள்ளும்.

அப்படியானால் இவ்வளவு அமுக்குவானேன்? இந்த எஞ்சினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதில்லை. மேல்மூடியில் உள்ள ஒரு சிறிய சுழல் அறைக்குள் காற்று சுழன்று புக, அங்கே டீசல் தெளிக்கப்படுகிறது. எரிதல் அங்கே தொடங்கிப் பிறகு சிலிண்டருக்கு வருவதால் பிஸ்டன்மேல் விழும் அடி சற்று மென்மையாகிறது. கலவையும் நன்கு ஆகிறது. ஆனால் அறையின் சுவர்கள் வெப்பத்தைத் திருடுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் உயர்ந்த அமுக்க விகிதம். குளிர்ந்த எஞ்சினுக்கு அதுவும் போதாது. ஒவ்வோர் அறையிலும் ஒரு ஹீட்டர் பிளக் பழுக்கக் காய வேண்டும்.

இதே அளவுள்ள பெட்ரோல் கோல்ஃப் 70 குதிரைத்திறன் தந்தது. டீசலுக்கு ஏன் 50 மட்டும்? 5000 சுற்றில் பிஸ்டனின் ஒரு வீச்சு ஆயிரத்தில் ஆறு நொடியில் முடிந்துவிடும். அதற்குள் டீசல் தெளித்து, ஆவியாகி, காற்றோடு கலந்து எரிய வேண்டும். டீசலைக் கூட்டினால் திறன் கூடுவதற்குப் பதில் கரும்புகைதான் கூடும். ஆகவே காற்று எப்போதும் மிச்சமாகவே இருக்கும்படி டீசலை அளந்து விடுகிறார்கள். சிக்கனத்தின் இரகசியமும் அதில் பாதி இருக்கிறது.

இனி, நம்பகத்தன்மை. விளம்பரங்களில் ‘உறுதியானது’ என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அலகு கிடையாது. இந்த எஞ்சினில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள்: தீப்பொறி பிளக், சுருள், டிஸ்ட்ரிபியூட்டர், அதன் தொடுமுனைகள் எதுவும் இல்லை. மழையில் நனைந்து பெட்ரோல் கார் நின்றுபோகக் காரணமாகும் பாகங்கள் அவை. இங்கே அமுக்கமே தீ மூட்டுவதால் அவற்றின் பழுதுகளும் இல்லை. டீசலின் எண்ணெய்ப் பசையே பம்பின் பாகங்களுக்கு உயவாகவும் அமைகிறது.

ஆனால் அதே 23.5-க்கு விலையும் உண்டு. பழுது பார்ப்போர் கையேட்டின்படி புதிய எஞ்சினில் அமுக்க அழுத்தம் சுமார் 34 பார். பிஸ்டனின் பரப்பு 46 ச.செ.மீ. பெருக்கினால், டீசல் ஒரு துளி எரியும் முன்பே ஒன்றரை டன்னுக்கு மேல் விசை! முழுக் காரின் எடையே ஒரு டன்னுக்குக் குறைவு. இந்த விசை மேல்மூடியையும் தூக்கப் பார்க்கிறது. ஹெட் கேஸ்கெட் கசிவது இந்த எஞ்சினின் தெரிந்த பலவீனம். முதலில் 11 மி.மீ. ஆக இருந்த மேல்மூடி போல்ட்டுகளைப் பின்னர் 12 மி.மீ. ஆக்கினார்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். குறுக்குப் பரப்பு 19 சதவீதம் கூடிவிட்டது.

மற்றொன்று டைமிங் பெல்ட். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேல்மூடிக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. அதைச் சரியாக வைக்க மூன்று கனங்களில் கேஸ்கெட் செய்து, விளிம்பில் வெட்டு அடையாளம் இட்டு விற்றார்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வை ஏறிவரும் பிஸ்டன் மோதி வளைத்துவிடும். குறித்த காலத்தில் பெல்ட்டை மாற்றிய எஞ்சின் நீண்ட நாள் ஓடும். மாற்றாதது நடுவழியில் நிற்கும்.

தேய்மானம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் 28 பாருக்கு இறங்கினால் கையேடு எல்லை என்கிறது. காற்று கசிந்தால் சூடும் குறையும் அல்லவா? எனவே முதல் அறிகுறி குளிர்ந்த காலையில் எஞ்சின் கிளம்ப மறுப்பதுதான். பகலில் அது ஒழுங்காகவே ஓடும்.

1980-ல் இதே எஞ்சினின் வீச்சை 86.4 மி.மீ. ஆக்கினார்கள், விட்டம் மாறவில்லை. புதிய கொள்ளளவு எவ்வளவு? அமுக்க விகிதம் 23 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் மிஞ்சும் இடம் எவ்வளவு? முதல் கேள்விக்கு 1588 கன செ.மீ. என்று வந்தால் உங்கள் கணக்குச் சரி.