கலக்கி வைத்த உரக் கரைசல் எத்தனை நாள் தாங்கும்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில், ஆடி மாதம் வந்துவிட்டால் வாழைக்கு இலைவழித் தெளிப்பைக் காலையிலேயே முடித்தாக வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பிவிடும். இலை ஆடுகிற ஆட்டத்தில் கரைசலில் பாதி மண்ணுக்குத்தான் போகும். தெளிக்க வந்த ஆளும் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். டிரம்மில் 80 லிட்டர், 100 லிட்டர் என்று மிச்சம் நிற்கும். நாளைக்கோ மறுநாளோ அடித்துக்கொள்ளலாம் என்று அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைப்பது பல தோட்டங்களில் நடப்பதுதான்.

அப்படி வைத்த கரைசலில் சத்து அப்படியே இருக்குமா என்பது, எதை எந்தத் தண்ணீரில் கலந்தோம் என்பதைப் பொறுத்தது. சில கரைசல்கள் ஒரு வாரம் கழித்தும் பயன்படும். சில, கலக்கிய அன்று மாலையே வெறும் தண்ணீராகிவிடும்.

முதலில் வாழையையே எடுத்துக்கொள்வோம். நட்ட 3, 5, 7-வது மாதங்களில் நுண்ணூட்டம் தெளிக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு துத்தநாக சல்பேட் 500 கிராம், இரும்பு சல்பேட் 200 கிராம், தாமிர சல்பேட் என்கிற மயில் துத்தம் 200 கிராம், போரிக் அமிலம் 100 கிராம். இந்த நான்கில் காத்திருக்கப் பொறுக்காதது இரும்பு. இரும்பு சல்பேட் கரைந்து நிற்கும்போது காற்றுப்பட்டு மெல்ல மெல்லத் துருவாக மாறுகிறது. உப்புத்தன்மையும் காரத்தன்மையும் உள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரானால் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். கரைசல் பழுப்பு நிறமாகி அடியில் செம்பழுப்பு வண்டல் தங்கியிருந்தால், இரும்புச் சத்து போய்விட்டது என்று பொருள். அதை எவ்வளவு கலக்கினாலும் மறுபடி கரையாது. தெளிப்பானின் மூக்கை அடைப்பதுதான் மிச்சம். புதிதாகக் கலக்கும்போதே 100 லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இரும்பு கொஞ்சம் நேரம் கூடுதலாகக் கரைந்து நிற்கும். ஆனாலும் அன்றே அடித்து முடிப்பதுதான் சரி.

இதை இரும்பு வாளியில் கலக்கவும் கூடாது. மயில் துத்தத்தில் உள்ள தாமிரம் கரைசலை விட்டு விலகி வாளியின் உட்புறத்தில் சிவப்பாகப் படிந்துவிடும். பயிருக்குப் போக வேண்டிய சத்து வாளிக்குப் பூச்சாகிறது! பிளாஸ்டிக் வாளியும் டிரம்மும்தான் ஏற்றவை.

திருச்சியில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வாழைக்கான நுண்ணூட்டக் கலவை ஒன்றை 'வாழை சக்தி' என்ற பெயரில் உருவாக்கியுள்ளது. இத்தகைய கலவைகள் பொடியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஈரம் படாத வரை உப்புகள் ஒன்றோடொன்று வினைபுரிவது மிகக் குறைவு. எனவே சேமித்து வைப்பதானால் பொடியாகவே காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். 10 லிட்டர் தெளிப்பானுக்கு வேண்டிய அளவைப் பொட்டலம் பொட்டலமாக முதல் நாளே நிறுத்துக் கட்டி வைத்துக்கொண்டால், காற்று கிளம்பும்போது நிறுத்தினாலும் ஒரு தெளிப்பானுக்கு மேல் வீணாகாது.

அடுத்தது டி.ஏ.பி. கரைசல். லால்குடிப் பக்கம் நெல் தரிசில் உளுந்து விதைப்பவர்களுக்கு இது பழகிய வேலை. பூக்கும் தருணத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை 2 சதவீதக் கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 20 லிட்டர் தண்ணீரில் மாலையில் ஊற வைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கித் தெளிப்பார்கள். இந்த ஓர் இரவு ஊறல் அவசியம். அதற்கு மேல் வைப்பதால் லாபம் எதுவும் இல்லை. மழை வந்து தெளிப்பு தள்ளிப்போனால், இறுத்த தெளிவு நீரை நல்ல தண்ணீர் சேர்க்காமல் அப்படியே பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மூடி, நிழலில் இரண்டொரு நாள் வைக்கலாம். 200 லிட்டராக்கிய பிறகு வைக்கக் கூடாது. கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து அதோடு சேர்ந்து வெள்ளை வண்டலாக இறங்கிவிடும்.

தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு சிறு சோதனை போதும். கண்ணாடித் தம்ளரில் கிணற்று நீரை எடுத்து, இறுத்த டி.ஏ.பி. நீரில் இரண்டு கரண்டி விட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பால் போல வெளுத்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. மணிகண்டம் வட்டாரம் போன்ற களர் நிலப் பகுதிகளில் இதைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. ஆற்று நீரோ வாய்க்கால் நீரோ கிடைத்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு ஒரே டிரம்மில் போடுவதும் இதே போன்ற தவறு. மணிச்சத்தும் துத்தநாகமும் பிடித்துக்கொண்டு இரண்டும் இலைக்குக் கிடைக்காமல் அடியில் தங்கிவிடும்.

யூரியாவின் கதை வேறு. சுத்தமான தண்ணீரில் கரைந்த யூரியா தானாகச் சிதைய ஆண்டுக்கணக்காகும். அதைச் சிதைப்பது யூரியேஸ் என்ற நொதி. 1926-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர் இந்த நொதியைத்தான் அவரை இனப் பயறு ஒன்றின் மாவிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தார். நொதிகள் புரதங்களே என்று நிலைநாட்டிய அந்த வேலைக்காக 1946-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அதே நொதி மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்களிடமும், பயறு வகைச் செடிகளிடமும் இருக்கிறது. வாய்க்கால் நீரை வடிகட்டாமல் யூரியா கலக்கி, சருகும் இலைத்துண்டும் விழுந்த டிரம்மை வெயிலில் விட்டால் சில நாளில் அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும். வாடை வந்த கரைசலைத் தெளித்தால் இலை கருகும். பழைய பித்தளைத் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அம்மோனியா பித்தளையை அரிக்கும்.

சொட்டுநீர் வழியே உரம் கொடுப்பவர்கள்தாம் உண்மையில் கரைசலைச் சேமித்து வைக்க வேண்டியவர்கள். இங்கே தண்ணீரின் அளவைக் குறைக்கிற ஆசை கெடுதல் செய்யும். வெள்ளைப் பொட்டாஷ் ஒரு கிலோவுக்குச் சுமார் 3 லிட்டர் நீர் இருந்தால்தான் கரையும். கரையும்போது தண்ணீர் குளிர்வதால் கரைவது இன்னும் மந்தமாகும். கிலோவுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. பொட்டாசியம் நைட்ரேட்டுக்கும் இதே கணக்கு. நெருக்கமாகக் கரைத்தால் மார்கழிக் குளிரில் விடியற்காலை டிரம்மின் அடியில் கற்கண்டு போல உறைந்திருக்கும். பொட்டாஷோடு அம்மோனியம் சல்பேட்டைச் சேர்த்தால் எளிதில் கரையாத பொட்டாசியம் சல்பேட் உண்டாகிக் குழாயை அடைக்கும். கால்சியம் நைட்ரேட்டுக்குத் தனி டிரம் வேண்டும். சல்பேட்டோ மணிச்சத்தோ அதில் விழக் கூடாது. டிரம்கள் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் பாசி பிடிக்காது.

பஞ்சகவ்யம் உயிருள்ள சரக்கு. கொடுமுடி டாக்டர் நடராஜன் வழியாகப் பரவிய இதை நிழலில், வாயைத் துணியால் கட்டி, தினம் காலையும் மாலையும் கலக்கி வந்தால் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கேனில் இறுக்கி மூடினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். 3 சதவீதமாக நீர் விட்ட பிறகு அன்றே தெளித்துவிட வேண்டும்.

மிச்சக் கரைசலில் பண நஷ்டத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. திறந்து கிடக்கும் டிரம்மில் மாடு வாய் வைத்துவிடும். உப்புச் சுவை அதற்குப் பிடிக்கும். 1 சதவீத யூரியாக் கரைசல் 10 லிட்டரில் 100 கிராம் யூரியா இருக்கிறது. யூரியா தின்று பழக்கமில்லாத, 300 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு அந்த 100 கிராம் ஒரே நேரத்தில் உள்ளே போனாலே நஞ்சாகலாம். தாகத்தோடு வந்த பசு 10 லிட்டரோடு நிறுத்தாது. சொட்டுநீருக்காகக் கெட்டியாகக் கரைத்து வைத்ததில் 20 சதவீதம் யூரியா இருந்தால் அரை லிட்டரே அந்த அளவுக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் நடுக்கம், பல் கடித்தல், வாயில் நுரை, வயிறு உப்பல், மூச்சுத் திணறல் தோன்றும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு வினிகரைக் குளிர்ந்த நீரில் கலந்து புகட்டுவது முதலுதவி. விழுந்து துடிக்கும் மாட்டுக்கு எதையும் வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். டிரம்முக்கு மூடியும், மேலே ஒரு கல்லும், பக்கவாட்டில் பெயிண்டால் உரத்தின் பெயரும் கலந்த தேதியும் இருக்க வேண்டும். குடிநீர் புட்டிகளில் ஊற்றி வீட்டுக்குள் வைப்பது குழந்தைகளுக்கு எமன்.

பழுத்து வண்டல் தங்கிய கரைசல் வீட்டில் இருந்தால், அதை இலையில் அடிக்காமல் நாலு பங்கு தண்ணீர் சேர்த்து வாழை மரங்களின் பாத்தியில் பரவலாக ஊற்றிவிடலாம். ஒரே மரத்தடியில் கொட்டினால் வேர் வெந்துபோகும். வாய்க்காலில் மட்டும் கவிழ்க்கக் கூடாது. கீழ்மடையில் வேறொருவர் மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.