சட்டக் கல்லூரிக்கு எந்தப் பட்டம்?

பல்கலைக்கழகத் தெரிவு வெளியான கிழமை அக்காவின் மகள் கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வந்தாள். சட்டத்துக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது, கலைப்பீடம் கிடைத்திருந்தது.

"மாமா, பிறகு லோ கொலிச்சுக்குப் போறதெண்டால் அரசறிவியல்தானே செய்ய வேணும்?"

அவள் வயதில் நானும் இதைக் கேட்டுத் திரிந்தவன். கேட்ட எல்லோரும் ஓமென்றார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் சிறப்புக் கற்று, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் தேறி, அந்தத் துணிவோடு நுழைவுப் பரீட்சைக்குப் போனேன். தவறிவிட்டது.

1874இல் தொடங்கிய புதுக்கடைச் சட்டக் கல்லூரி பட்டத்தின் வகுப்பைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. உயர்தரச் சித்தியோடு விண்ணப்பிக்கலாம். தெரிவு நுழைவுப் பரீட்சைப் புள்ளியில்தான். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் பட்டப்படிப்புப் புள்ளிதான் முக்கியம் என்று சொன்னால், அது அங்கத்தைய நடைமுறை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பட்டப்படிப்புச் சராசரியையும் எல்சாட் என்ற நுழைவுத் தேர்வின் புள்ளியையும் நிறுத்துப் பார்ப்பார்கள். அங்கேயும் இன்ன பாடம்தான் என்ற கட்டாயம் இல்லை.

இங்கே புள்ளி கதவைத் திறப்பது உயர்தரத்தில். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் வேண்டும். அப்படி எல்.எல்.பி. முடித்தவர்களுக்குச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை இல்லை. உயர்தரம் எழுதப் போகும் பிள்ளைகள் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பாடத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு நான் தமிழ் அரசியல் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தைச் சொல்வேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டுத்தான் சட்டத்துக்கு வந்தார். இன்னொரு சட்டத்தரணித் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கேம்பிரிட்ஜில் படித்ததும் இயற்கை விஞ்ஞானம்தான்.

நுழைவுப் பரீட்சையில் நான் விழுந்த இடம் நுண்ணறிவு வினாக்கள். ஒரு எண்தொடரில் பிடிவாதமாக நின்றேன். நிமிர்ந்தபோது கடைசிப் பக்கம் தொடப்படாமல் கிடந்தது. மேற்பார்வையாளர் விடைத்தாள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். அடுத்த வருடம் காலையில் பொது நூலகத்தில் பத்திரிகை, இரவில் மேசையில் மணிக்கூட்டை வைத்துப் பழைய வினாத்தாள். ஒரு கணக்குக்கு ஒரு நிமிடம்; வராவிட்டால் அடுத்தது. ஆசிரியர் தலையங்கத்தை மூன்றிலொரு பங்காகச் சுருக்கியும் எழுதினேன். பட்டப்படிப்பு கைகொடுத்தது இந்த வேலையில்தான்: நீண்ட பந்தியில் சாரத்தைப் பிடிப்பது. வரலாறோ பொருளியலோ ஊன்றிப் படித்தவருக்கும் அது வரும். அந்த முறை இடம் கிடைத்தது.

ஆங்கிலத்தை ஒத்திவைக்காதீர்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதிகள் 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தோற்றன. தமிழில் எழுதும் உரிமை நிலைத்ததில் எனக்குப் பெரிய நிறைவு. ஆனாலும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கிழமைக்கு ஒன்றையாவது அகராதியோடு வாசியுங்கள்.

பிள்ளைக்குப் புவியியலில்தான் விருப்பம். அதையே எடுக்கச் சொன்னேன். என் பழைய வினாத்தாள் கட்டைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனாள்.