அடுத்த பேட்ச்சுக்கு ஒரு பதிவேடு

அன்புள்ள டீச்சருக்கு,

பழைய மாணவர்கள் பள்ளிக்குக் கொஞ்சம் பணம் தந்திருக்கிறார்கள், சுற்றுச்சூழல் பாடத்துக்கு என்ன கருவி வாங்கலாம், கடைக்காரர் தானியங்கி வானிலை நிலையம் ஒன்றைச் சிபாரிசு செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாங்காதீர்கள். மொட்டைமாடியில் பொருத்திவிட்டால் அது பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கும், பிள்ளைகளுக்கு அதில் ஒரு வேலையும் இருக்காது. சென்சார் பழுதானால் ஆள் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும். இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேடு, லேபில் ஏற்கெனவே இருக்கும் கணினி. இந்த வருஷத்துக்கு இது போதும்.

பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போவது இந்தப் பாடத்தின் பழைய கதை. 1991-இல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பாடமும் வந்தது. ஐந்து மதிப்பெண் வினாவாக, சார்ட் பேப்பரில் பச்சை பூமியாக, உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று நட்டுவிட்டு மறந்துபோகும் மரக்கன்றாக வந்தது. ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு சார்ட் இருந்த இடத்தில் வீடியோ ஓடுகிறது. உருகும் பனிமலையைப் பார்த்து உச்சுக்கொட்டும் பிள்ளையிடம், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேம்பு எந்த மாதம் பூக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான். இயற்கையில் நடக்கும் மாற்றம் மெதுவானது. ஒரு கல்வியாண்டோ பத்து மாதம். எட்டாம் வகுப்பில் அளந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடும். நாளைக்கே இடமாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கு வேறு ஊர் கிடைக்கலாம். நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் சேரும். கணினி உதவ வேண்டிய இடம் இதுதான். ஒரு பேட்ச் பார்த்ததை அடுத்த பேட்ச்சுக்கு அது வைத்துக் கொடுக்க வேண்டும்.

விடாமல் அளந்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. முதலில் கண்ணில் பட்டது ஏற்ற இறக்கம்தான். வடகோளத்துச் செடிகொடிகள் தழைக்கும் கோடையில் அளவு குறைந்தது, குளிர்காலத்தில் ஏறியது. விடாமல் அளந்ததால்தான், ஒவ்வொரு வருஷத்து அலையும் முந்தைய வருஷத்தைவிட மேலே நிற்பது தெரியவந்தது. இன்று அந்த எண் 420-ஐத் தாண்டிவிட்டது. 1964-இல் நிதி வெட்டால் கொஞ்ச காலம் வேலை நின்றது. பதிவில் அந்தக் காலியிடம் இன்றும் அப்படியே இருக்கிறது. 2005-இல் கீலிங் காலமான பிறகும் அளவீடு நிற்கவில்லை. மகன் ரால்ஃப் கீலிங் அதைத் தொடர்கிறார். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முக்கியமாக அந்தக் காலியிடத்தை. ஏனென்றால் லீவு வாரத்தில் அளக்காததை முந்தைய வாரத்தைப் பார்த்து எழுதி நிரப்பத்தான் எல்லாருக்கும் கை போகும். கட்டம் காலியாக இருந்தால் மார்க் குறையாது என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

மழையிலிருந்து ஆரம்பிக்கலாம். பக்கவாட்டில் நேராக இருக்கும் குளிர்பான பாட்டிலை, கழுத்துக்குக் கீழே அகலம் குறையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைப் புனல் மாதிரி தலைகீழாகச் செருகுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். அது மறையும் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தில் காகித ஸ்கேலின் பூஜ்யம் வருமாறு ஒட்டுங்கள். மரத்தடியும் கூரையோரமும் வேண்டாம். காற்றில் சாயாமல் நான்கு செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள். வானிலைத் துறை மழையைக் கணக்கெடுப்பது காலை எட்டரைக்கு. நீங்களும் அதே நேரத்தில் பார்த்தால் பிள்ளைகள் தங்கள் எண்ணைச் செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். பக்கத்து ஊரில் 40 மில்லிமீட்டர், நம் ஊரில் 12 என்று வரும்போது கேள்விகள் தானாகக் கிளம்பும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர் என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் டேங்க் ஐந்து நிறையும். அந்தத் தண்ணீர் எங்கே போனது? தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. கூரையிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளே பின்தொடர்ந்து பார்க்கட்டும். சில பள்ளிகளில் அது சிமெண்ட் தரையில் முடியும். தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ளக்கூடும், முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தெர்மாமீட்டர் இரண்டையும் முதலில் ஒரே மேஜையில் அருகருகே வையுங்கள். அரை டிகிரிகூட வித்தியாசம் காட்டலாம். எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த வகுப்பை அதற்கே விட்டுவிடுங்கள், கருவியை எவ்வளவு நம்பலாம் என்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காத பாடம். அப்புறம் ஒன்றை மரநிழலிலும் இன்னொன்றைத் தகரக்கூரை வகுப்பிலும் வைத்து, மதியம் இரண்டு மணிக்குக் குறிக்கச் சொல்லுங்கள். நேர்வெயிலில் வைத்தால் காற்றின் சூட்டோடு பிளாஸ்டிக்கின் சூடும் சேர்ந்துவிடும்.

மரத்துக்கு சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், கனி ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிய வேண்டும். அவ்வளவுதான். கேரளத்துப் பள்ளிகள் பெருமளவில் இதில் சேர்ந்திருக்கின்றன. விஷு பண்டிகைக்குப் பூக்க வேண்டிய சரக்கொன்றை முன்கூட்டியே பூத்துவிடுகிறது என்று அங்கே வெகுநாளாகப் பேச்சு உண்டு. பேச்சு உண்மையா என்று சொல்ல இப்படிப்பட்ட பதிவுகள் வேண்டும், அதுவும் பல வருஷத்துக்கு. உங்களுக்கு மாறுதல் வந்தாலும் பதிவு பொதுத்தளத்தில் இருக்கும். புதிதாக வருபவர் அதே மரத்தில் தொடரலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் வரும், பதினைந்து நிமிடம் நின்று பார்த்தாலே சேர்ந்துகொள்ளலாம்.

செல்போன் செயலிகளில் ஒரு எச்சரிக்கை. பூச்சியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் நல்லதுதான், ஆனால் அது முதலில் சொல்வது யூகம். வேறு ஆட்களும் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகே பதிவுக்கு மதிப்பு. பதின்மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைகள் தாமாகக் கணக்குத் தொடங்கவும் முடியாது. உங்கள் பெயரில் ஒரே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பிள்ளைகளின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கணக்கு டீச்சரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரிக்கும் பரப்பளவுக்கும் வரைபடத்துக்கும் அவருக்கு எப்படியும் எண்கள் வேண்டும், உங்கள் பதிவேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், பாட்டிலை இந்த மாதமே வெட்டிவையுங்கள். காகித ஸ்கேல் ஈரத்தில் கழன்றுவிடும். மேலே அகலமான செல்லோ டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள்.