டிபிஎஃப் இல்லாத டீசல் கார்: புது ஃபில்டர் மாட்டும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: சில மாதங்களுக்கு முன் ஒரு பிஎஸ்-6 டீசல் எஸ்யூவியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சர்வீஸுக்கு விட்டபோது, ‘டிபிஎஃப் (டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர்) கூட்டுக்குள் ஃபில்டரே இல்லை, யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்’ என்றார் மெக்கானிக். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. புதிதாக மாட்டித்தான் ஆக வேண்டுமா? மாட்டுவதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மாட்டித்தான் ஆக வேண்டும். ஆனால், ஃபில்டரை மட்டும் வாங்கி மாட்டினால் போட்ட பணம் விரைவிலேயே வீணாகும். முன்பு வண்டியை வைத்திருந்தவர் அதை ஏன் எடுத்தார் என்று கண்டுபிடித்து, அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டு மாட்டுங்கள்.

ஏன் அவசியம்?

பிஎஸ்-4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை நுண்துகள்களை வெளியிடலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதியில் அந்த வரம்பு 4.5 மில்லிகிராம். அந்த அளவுக்குக் குறைப்பதே டிபிஎஃபின் வேலை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதிசெய்தது. சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கும் இருசக்கர வாகனக்காரரும், அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான்.

சட்டமும் இதை விளையாட்டாகப் பார்ப்பதில்லை. அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எடுத்தவர் வேறொருவராக இருந்தாலும் ஆர்சியில் இப்போது இருப்பது உங்கள் பெயர். புகைப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சோதனை புகையின் கருமையை அளக்கிறது; கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணுவதில்லை.

இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்

ஆர்சியில் ‘பாரத் ஸ்டேஜ் 6’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் விற்ற பிஎஸ்-4 டீசல் கார்கள் பலவற்றில் டிபிஎஃப் கிடையாது. அவற்றில் ‘காணோம்’ என்று தேடுவதில் பயனில்லை. பிஎஸ்-6 என்றால் சைலன்ஸர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். ஃபில்டர் நன்றாக இருக்கும் காரில் துணி பெரிதாகக் கறுக்காது. அப்பிய கரி வந்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது ஃபில்டரே இல்லை. கூட்டின் மேல் கையால் போட்ட, மேடுபள்ளமான வெல்டிங் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்டோஸ்கோப் கேமராவை விட்டால் சந்தேகமே இருக்காது.

ஏன் எடுத்தார்கள்?

ஃபில்டரில் சேரும் கரியை, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் இன்ஜின் அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். தினமும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் அது பாதியிலேயே நின்றுவிடும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஒழுகும் இன்ஜெக்டர், சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு, ஆயில் கசியும் டர்போ, திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட், பொருந்தாத இன்ஜின் ஆயில் ஆகியவையும் காரணமாகலாம். பலரும் இவற்றைப் பார்க்காமல் ஃபில்டரைக் குற்றவாளியாக்கி வெட்டி எறிகிறார்கள். இந்த ஐந்தையும் சோதித்த ரிப்போர்ட் கைக்கு வரும் வரை ஃபில்டருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மென்பொருளை மறக்காதீர்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஃபில்டரை எடுத்தால் அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு குறையும்; இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கைப் போடும். அதை மறைக்க இசியுவின் மென்பொருளை மாற்றி (ரீமேப்), டிபிஎஃப் தொடர்பான கண்காணிப்பையே அணைத்திருப்பார்கள். அந்த மென்பொருளோடு புது ஃபில்டரை மாட்டினால் ரீஜெனரேஷன் நடக்காது. கரி சேர்ந்துகொண்டே போய் அடைத்துவிடும், விளக்கும் எரியாது. எனவே, கம்பெனியின் அசல் மென்பொருளை ஏற்றுவது ஃபில்டரை வாங்குவதைப் போலவே முக்கியம்.

எதை வாங்குவது?

உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்கான பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பூசியிருக்கும் விலையுயர்ந்த உலோகப் பூச்சைப் பொறுத்துத்தான் கரி எரியும் வெப்பநிலை அமையும். மலிவான போலியில் அந்தப் பூச்சு ஏமாற்றிவிடும். பழைய இரும்புக் கடையில் கிடைப்பதை வாங்காதீர்கள். அதற்குள் எவ்வளவு சாம்பல் இருக்கிறது என்று வெளியே தெரியாது. சாம்பல் எரிந்து போகாது. கேஸ்கெட், கிளாம்ப் புதிதாகப் போடுங்கள். அழுத்த சென்சாரையும் அதன் இரண்டு ஹோஸ்களையும் பரிசோதியுங்கள். உருகியோ அடைத்தோ இருந்தால் மாற்றுங்கள்.

மாட்டிய பின்

புது ஃபில்டர் மாட்டியதை ஸ்கேனர் மூலம் இசியுவில் பதிவுசெய்து, பழைய கரி, சாம்பல் கணக்கை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். அழுத்த வேறுபாட்டை நீங்களே திரையில் பாருங்கள். ஐட்லிங்கில் சில மில்லிபார் இருந்து, ரெவ் ஏற்றும்போது கூட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் சென்சாரிலோ ஹோஸிலோ கோளாறு. ஆயில் மாற்றும்போது, ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன சாம்பல் குறைந்த ரகத்தையே ஊற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் நடுவில் இன்ஜினை நிறுத்தாமல் அதே சீரான ஓட்டத்தைத் தொடருங்கள்.

உங்கள் ஓட்டம் எப்போதும் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர்தான் என்றால், ஃபில்டரை மாட்டியபின் இந்தக் காரை நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு விற்றுவிட்டு, பெட்ரோல் கார் வாங்குவதே நல்லது. பில், ஸ்கேன் ரிப்போர்ட், மென்பொருள் ஏற்றிய விவரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்றவரிடம் செலவில் பங்கு கேட்பதற்கும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது நியாயமான விலை கேட்பதற்கும் அவை உதவும்.